மூச்சுத் துளை

மழைக்காலம் வந்தால் மனிதர்களுக்குச் சளி பிடிக்கும். கார்களுக்குப் பின்விளக்கு வேர்க்கும்.

காலையில் வண்டியை எடுக்க வருகிறவர் சும்மா பின்பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். சிவப்புக் கண்ணாடிக்கு உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நிற்கும். துடைக்கக் கையை வைத்தால் கை வெளியே, தண்ணீர் உள்ளே. அழுகிற குழந்தையைப் பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சமாதானப்படுத்துகிற மாதிரிதான். அந்த விளக்குகளையெல்லாம் கழற்றி எடுத்துக்கொண்டு டிரைவர்கள் கடைசியில் வந்து சேருகிற இடம் பசைக்காரர் கடை.

பலகையில் பெயர் பசைக்காரருடையது. உள்ளே வேலை அவருடைய தங்கையுடையது.

டிரைவர்களுக்கு அவள் லைட்டக்கா. அண்ணனுக்குப் பாப்பா. காதோரம் நரை எட்டிப் பார்த்து, கிட்டத்தில் பார்க்க மூக்குக்கண்ணாடியும் போட்ட பிறகும் பாப்பாதான். "பாப்பா, சூட்டுப் பெட்டிய அணைச்சியா?" "பாப்பா, மழை வருது, வெளிய போகாத." சின்ன வயசில் அப்படிக் கூப்பிடுவது அவளுக்கு இனித்தது. வளர்ந்தபோது கூச்சமாக இருந்தது. இப்போதெல்லாம் அது காதில் விழும்போது, பழைய பள்ளிக்கூடச் சட்டையை யாரோ தலைவழியாக மாட்டி இழுக்கிற மாதிரி மூச்சு முட்டியது.

கடை ஒரு நீளமான அறை. முன்னால் தெரு, பின்னால் அண்ணியின் சமையலறை, மூலையில் மாடிப்படி. படி ஏறினால் அவளுடைய அறை. அந்த அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. பழைய விளக்குகள் வைக்க இடம் போதவில்லை என்று அண்ணன் அந்த ஜன்னலுக்குக் குறுக்கே அலமாரி அடித்துவிட்டார். மாலை வெயில் கண்ணாடிகளுக்குள் புகுந்து அறை முழுவதும் சிவப்பாகும். வந்து பார்க்கிற சொந்தக்காரர்கள் அழகு என்பார்கள். வந்தவர்கள் போய்விடுவார்கள். அங்கேயே இருக்கிறவளுக்கு அல்லவா தெரியும், எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ பிரேக் போட்டு வழியை மறித்துக்கொண்டு நிற்பது போல் இருக்கும் என்று.

வேலை கைக்குப் பழகிப்போனது. விளக்கைச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்தால் ஓரத்துப் பசை இளகும். கத்தி முனையை நுழைத்து, கண்ணாடி கீறல் விடாமல் மெல்லப் பிரிக்க வேண்டும். உள்ளே துணியால் ஒற்றி, சுடுகாற்று அடித்துக் காயவைத்து, புதுப் பசை ஓட்டி, கண்ணாடியைப் பொருத்தி இறுக்க வேண்டும். இத்தனையும் அவள் செய்வாள். கடைசி வேலை மட்டும் அண்ணனுடையது. விளக்கின் முதுகில் ஒன்றிரண்டு சின்னத் துளைகள் இருக்கும். மூச்சுத் துளை என்பார்கள். அண்ணன் பசைக்குழாயை எடுத்து அவற்றை அடைப்பார். கட்டைவிரலால் அழுத்தி வழிப்பார். பல்பு போகிற வாயை ரப்பரால் மூடி, விளக்கைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பிடிப்பார். ஒரு குமிழி மேலே வரக் கூடாது. வராவிட்டால் அவர் முகம் மலரும். "என் கை பட்ட லைட்டுக்குள்ள ஒரு சொட்டு போகாது" என்பார்.

அந்தப் பிடிவாதத்துக்கும் ஒரு கதை உண்டு. அப்பா போன கையோடு அண்ணன் கடையை ஆரம்பித்தார். முதல் மழைக்கே ஒரு ஆள் தன் விளக்கைக் கழற்றிக்கொண்டு வந்து நடுத்தெருவில் கவிழ்த்துக் காட்டினார். தண்ணீர் கொட்டியது. "மீன் வளக்கலாம்யா இதுல" என்றார். தெருவே சிரித்தது. ரொம்ப நாளைக்கு 'மீன்தொட்டிக் கடை' என்றுதான் பெயர். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஊர் வாயை மூட முடியாத ஆத்திரத்தில் அண்ணன் கண்ணில் பட்ட துளையையெல்லாம் மூட ஆரம்பித்தார்.

தங்கையை வளர்த்ததும் அப்படியே. சாகும்போது அப்பா அவள் கையை எடுத்து இவர் கையில் வைத்துவிட்டுப் போனார். பிடித்த கையை இவர் அப்புறம் விடவே இல்லை. பெண் கேட்டு வந்தவர்களில் ஒருவன் உட்கார்ந்ததும் இருமினான், வேண்டாம். ஒருவன் கூரையைப் பார்த்துப் பதில் சொன்னான், வேண்டாம். ஒருவனிடம் தேடித் தேடியும் குறை கிடைக்கவில்லை. "குறையே இல்லாத ஆளா? அங்கதான் ஏதோ இருக்கு" என்று அவனையும் அனுப்பிவைத்தார். ஒரு சமயம் தோழி ஒருத்தி வெளியூரில் தையல் கம்பெனியில் வேலை இருக்கிறது என்று கூப்பிட்டாள். இவள் துணிமணிகளை மடித்துப் பையில் வைத்துவிட்டாள். அண்ணன் திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். "நான் உனக்கு என்ன குறை வச்சேன் பாப்பா?" என்று கேட்டுக் கேட்டு அழுதார். ஓங்கிய கையைத் தட்டிவிடலாம். அழுகிற கண்ணை என்ன செய்வது? துணிகள் திரும்ப அலமாரிக்குப் போயின. அவளும் தன் மாடி அறைக்குத் திரும்பினாள்.

அண்ணன் அடைத்துக் கொடுத்த விளக்குகள் மறுபடி மறுபடி வேர்த்துக்கொண்டு வருவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் அதற்கும் பதில் வைத்திருந்தார். ஒருத்தரிடம், "வண்டிய வெயில்ல நிறுத்துங்க" என்பார். இன்னொருத்தரிடம், "மழையில எதுக்கு எடுத்தீங்க?" என்பார். சும்மாவே மறுபடி பிரித்துக் காயவைத்துக் கொடுத்ததால் யாரும் சண்டைக்கு வரவில்லை. ஒருமுறை அவசரத்தில் ஒரு விளக்கின் துளையை அடைக்க மறந்துவிட்டார். அந்த மழைக்காலம் முழுவதும் அது திரும்பி வரவில்லை. அந்த வண்டி ஒருநாள் தெருவில் நின்றபோது அவள் போய்க் குனிந்து பார்த்தாள். உள்ளே பளிங்கு மாதிரி இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விளக்கு எரிந்தால் உள்ளே காற்று சூடாகி விரிகிறது. அணைந்தால் சுருங்கி, எந்த மயிரிழைச் சந்து வழியாகவாவது வெளி ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. துளை திறந்திருந்தால் வந்த ஈரம் வெளியே போய்விடும். அடைத்துவிட்டால் போக்கிடம் இல்லாமல் உள்ளேயே கிடந்து அழும்.

அண்ணனிடம் சொன்னாள். "அண்ணா, அந்தத் துளைய அப்படியே விட்டுட்டா என்ன?"

"விட்டா தண்ணி போகும்."

"போனா, போன வழியில வந்துடும்ல?"

அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ பல்லு விழுந்து பள்ளிக்கூடம் போறப்பவே நான் பசை பிடிச்சவன் பாப்பா. எனக்கே பாடம் நடத்தாத."

அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த வீட்டில் மூடாதது எது?

அப்புறம் நத்தை வர ஆரம்பித்தார்.

நத்தை என்பது டாக்ஸி ஸ்டாண்டில் வைத்த பெயர். "அவர் வண்டியில ஏறினா இறங்கறதுக்குள்ள தாடி வளந்துடும்" என்று கேலி செய்வார்கள். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம். பிள்ளை குட்டி கிடையாது. ஒரு பழைய வண்டி, அதைத் துடைத்துத் துடைத்துப் புதிதாக வைத்திருப்பார். ஆனால் அதன் இடதுபக்கப் பின்விளக்கு மட்டும் மழைக்கு மழை வேர்த்தது. விளக்கைக் கழற்றி நீட்டுவார். அது காய்கிற வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் வேண்டுமா என்று இவள் கேட்பாள், வேண்டாம் என்பார். கொண்டு வந்து கொடுத்தால் குடிப்பார்.

ஊரே அவளை அக்கா என்றது. இவர் மட்டும் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஏங்க, இன்னும் ஈரமா?" என்பார். "ஏங்க, கைய சுட்டுக்கப் போறீங்க" என்பார். அந்தக் கரிசனத்தில் அவள் காதுமடல் சூடாகும். சுற்றி இருந்த சிவப்புக் கண்ணாடிகளின் புண்ணியத்தில் வெளியே தெரியாது. அண்ணிக்கு மட்டும் தெரிந்தது.

"ஏன் நாத்தனாரே, ஊர் லைட்டெல்லாம் சீக்கிரம் காயுது, அந்த ஆளு லைட்டு மட்டும் அரை நாள் பிடிக்குது? பெட்டி பழுதா, நீ பழுதா?"

"போங்க அண்ணி. அதுல ஈரம் அதிகம்."

"ஈரம் அதிகம்தான். எதுலங்கறதுதான் கேள்வி."

மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே. அண்ணனுக்குத் தெரியாமல் அந்த ஒரு துளையை அவள் திறந்துவிட்டிருக்கலாம். திறக்கவில்லை. பாதிக் காரணம் அண்ணனிடம் பயம். மீதிப் பாதியை அவள் தனக்கேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. விளக்கு சரியாகிவிட்டால் அந்த மனுஷன் எதற்கு வருவார்?

அன்று மத்தியானம் நத்தை வந்தார். வழக்கம்போல் ஸ்டூலில் உட்காரவில்லை. விளக்கை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றார்.

"நாளைக்குக் காலையில வண்டிச் சோதனைங்க. போன தடவை இந்த லைட்டாலதான் திருப்பி அனுப்பினாங்க. புதுசா வந்த ஆபீசர் ரொம்பக் கறார். உள்ள ஈரம் தங்கினா வண்டிய ஓட்ட விடமாட்டேன்னுட்டாரு."

"வேற லைட்டு வாங்கிப் போட்டுடலாமே."

"இந்த வண்டிக்கு இப்ப எவன் லைட்டு செய்யறான்? இதுக்கும் எனக்கும் உதிரி பாகம் கிடைக்காது." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நாளைக்கும் போச்சுன்னா வண்டிய உடைக்கப் போட்டுட்டுத் தம்பி ஊருக்குப் போகணும். அவன் வேலை செய்யற கிடங்குல காவலுக்கு ஆள் கேக்கறாங்களாம்."

"அது ரொம்பத் தூரமா?"

"போயிட்டா அடிக்கடி வர முடியாத தூரம்."

அவள் விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள். உள்ளே துளிகள் ஒன்றை ஒன்று தொட்டு வழிந்தன. "காலையில வாங்க. தயாரா இருக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

இருதலைக் கொள்ளி எறும்பு என்று படித்திருக்கிறோமே, அந்த எறும்பு அன்று மாலை சூட்டுப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. துளையை அடைத்துக் கொடுத்தால் விளக்கு வேர்க்கும், அவர் ஊரை விட்டுப் போய்விடுவார். திறந்து கொடுத்தால் விளக்கு பிழைக்கும், அவருக்கு இந்தக் கடையில் வேலை இருக்காது. எந்தப் பக்கம் போனாலும் அந்த ஸ்டூல் காலிதான். அதற்கும் மேலே ஒன்று: துளை திறந்த விளக்கைத் தண்ணீரில் முக்கினால் குமிழி வரும். குமிழி விடுகிற விளக்கு அந்தக் கடையின் வாசலைத் தாண்டினதே கிடையாது.

பிரித்தாள். துடைத்தாள். காயவைத்தாள். ஒரு கணம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு ஊசியை எடுத்து, துளையில் இறுகிக் கிடந்த பழைய பசையைக் கிள்ளிக் கிள்ளி வெளியே எடுத்தாள். தூசி போகாமல் இருக்க ஒரு சின்னப் பஞ்சுத் துண்டை உள்பக்கம் வைத்தாள். கண்ணாடியைப் பொருத்தினாள். அவர் இந்த ஊரிலாவது இருக்கட்டும். என்றைக்காவது தெருவில் அந்த வண்டி போனால் பார்க்கலாம்.

அண்ணன் வந்து விளக்கை வாங்கி, திருப்பிக்கூடப் பார்க்காமல் தொட்டியில் முக்கினார். பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பி வந்தன.

"பாப்பா, குமிழி வருது."

"தெரியும்ணா."

அண்ணன் விளக்கை வெளியே எடுத்துத் திருப்பினார். துளையைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். "தெரிஞ்சேவா குடுத்தே?"

"அதைச் செஞ்சவங்க தெரியாமலா துளை வச்சிருப்பாங்க? நாளைக்கு அவருக்குச் சோதனைண்ணா. இந்த ஒரு லைட்டை மட்டும் இப்படியே விட்டுடுங்க."

"அவருக்கா?" அண்ணன் துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். "அவன் எதுக்கு இத்தனை தடவை வரான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? பொண்டாட்டிய பறிகுடுத்தவன். நாலு காசு சேக்கத் தெரியாதவன். நாளைக்கு வண்டி போச்சுன்னா தானா ஊரைப் பாத்துப் போயிடுவான். போகட்டும். உனக்கு இங்க என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்லண்ணா."

"பின்ன என்ன?"

சாப்பாடு இருக்கிறது, துணி இருக்கிறது, தலைவலி என்றால் ஓடிப்போய் மாத்திரை வாங்கி வருகிற அண்ணன் இருக்கிறார். பிறகு ஏன் நெஞ்சில் ஒரு கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது என்று எந்தப் பாஷையில் சொல்வது? அண்ணனின் கண்கள் நிறைந்தன. "உனக்கு ஒண்ணுன்னா நான் தாங்குவேனா பாப்பா?" என்றார். சொல்லிக்கொண்டே பசைக்குழாயை எடுத்துத் துளையை அடைத்தார். கட்டைவிரலால் பாசமாக அழுத்தி வழித்தார். மறுபடி முக்கினார். தண்ணீர் அசையவில்லை.

அவள் மாடி ஏறிப்போனாள். சிவப்பு வெளிச்சம் சுவரிலிருந்து மெல்ல வடிந்து அறை இருண்டது. அலமாரிக்குப் பின்னால் ஜன்னல் எங்கே முடிகிறது என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். ஒரு கம்பி தட்டுப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணீர் வந்ததா என்று கேட்காதீர்கள். வந்தாலும் துடைக்க அங்கே யார்?

விடிந்ததும் கீழே இறங்கி வந்தவள் ஓசைப்படாமல் விளக்கை எடுத்தாள். பசை மேலே ஆடை கட்டியிருந்தது. உள்ளே இன்னும் இளசு. ஊசியால் நெம்பியதும் ஒரே இழுப்பில் கழன்று வந்தது. பல்பு போகிற வாய்வழியாகச் சுடுகாற்றை அடித்தாள். கருவியின் சத்தம் அந்த அமைதியில் விமானம் இறங்குகிற மாதிரி கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் சமையலறை வாசலில் அண்ணி.

அண்ணி ஒரு வார்த்தை உரக்கச் சொன்னால் போதும், அண்ணன் வந்துவிடுவார்.

"பயப்படாத. குளிக்கப் போயிருக்காரு. குழாய முழுசா திருகிவிட்டுத்தான் வந்திருக்கேன், எதுவும் கேக்காது" என்றாள் அண்ணி.

"அண்ணி..."

"உடனே கண்ணைக் கசக்காத. உன் மேல எனக்கு ரொம்பப் பாசம்னு நெனச்சுக்கிட்டியா? எனக்கு மாடி ரூம் வேணும். கல்யாணம் ஆன நாள்லேருந்து கேக்கறேன்." அண்ணியின் குரல் அந்த இடத்தில் லேசாக உடைந்தது. இருமிச் சமாளித்துக்கொண்டாள். "சீக்கிரம் போ. சோப்பு தேய்க்கிற வரைக்கும்தான் நான் பொறுப்பு."

தெருமுனையில் நத்தையின் வண்டி அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் கையைக் காட்டி அங்கேயே நிறுத்தினாள். தூறலில் நனைந்தபடி விளக்கைத் தானே பொருத்தி, திருகாணிகளை முடுக்கினாள்.

"கடையில மாட்டாம இங்க எதுக்குங்க?"

"அங்க மாட்டினா மாட்டிக்குவேன்" என்றாள். "நானும் வரலாமா? எரியுதான்னு பாக்கணும்."

அவர் முன்கதவைத் திறந்துவிட்டார். எத்தனையோ கார்களின் பின்பக்கத்தைப் பார்த்தே காலத்தைக் கழித்தவள், முதன்முதலாக ஒரு காரின் முன்பக்கம் உட்கார்ந்தாள். கடையும் தெருவும் கண்ணாடியில் பின்னால் போயின. அதைப் பார்த்ததும் அடக்கி வைத்திருந்தது பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"ஒண்ணு சொல்லணும். உங்க லைட்டு ஏன் வேர்க்குதுன்னு எனக்குத் தெரியும். போன மழையிலயே தெரியும். துளைய அடைக்கக் கூடாது, அவ்வளவுதான். தெரிஞ்சும் சொல்லல."

அவர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அண்ணனுக்குப் பயந்தா?"

"பாதி."

"மீதி?"

அவள் சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவரே கொஞ்ச தூரம் போனபிறகு பேசினார்.

"எங்க ஸ்டாண்டை ஒட்டியே லைட்டுக் கடை ரெண்டு இருக்கு. ஒருத்தன் என் தங்கச்சி புருஷன்தான். 'ஏன் மச்சான், என்கிட்ட வராம ஊரைச் சுத்தி எங்கயோ போறீங்க'ன்னு பாக்கறப்பெல்லாம் கேக்கறான்."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"அங்க ஸ்டூலு நல்லா இருக்குன்னு சொல்வேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

சோதனை மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. தூறல் விடவில்லை. முறை வந்ததும் அந்த ஆபீசர் பின்விளக்கைக் கொஞ்ச நேரம் எரியவிட்டார். அணைக்கச் சொன்னார். ஒரு ஆள் குழாயைப் பிடித்துக் குளிர்ந்த தண்ணீரை விளக்கின் மேல் அடித்தான். ஆபீசர் குனிந்து பார்த்தார்.

கண்ணாடியின் உள்பக்கம் லேசாக, பால் ஆவி மாதிரி, ஒரு மூட்டம் படர்ந்தது.

அதே நேரம் பின்னாலிருந்து பழக்கமான குரல் கேட்டது. "பாத்தியா? நான் சொன்னேன்ல?"

அண்ணன். குளித்த தலைகூடத் துவட்டாமல், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, யாரோ ஒரு டிரைவரின் வண்டியில் ஏறித் துரத்தி வந்திருந்தார். "துளைய திறந்தா தண்ணி போகும்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். இப்ப அந்த ஆளு பொழைப்பைக் கெடுத்துட்ட. வா, வீட்டுக்குப் போகலாம்."

அவள் கையைப் பிடித்தார். அப்பா வைத்துவிட்டுப் போன அதே கை.

"மறுபடி லைட்டைப் போடுங்க" என்றார் ஆபீசர். "படியறது தப்பில்ல. தங்கறதுதான் தப்பு. கலையுதா பாப்போம்."

விளக்கு எரிந்தது. நத்தை வண்டிக்குள் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அண்ணனின் பிடி இறுகியது. பிறகு துளை இருந்த மூலையில் நகக்கண் அளவுக்கு மூட்டம் விலகியது. விலகிய இடம் உள்ளங்கை அளவு விரிந்தது. தண்ணீர் அடித்தவன்கூடக் குழாயை ஆட்டாமல் நின்று பார்த்தான். கொஞ்சம் கொஞ்சமாக, யாரோ உள்ளேயிருந்து துடைத்துவிடுகிற மாதிரி, கண்ணாடி முழுவதும் தெளிந்து சிவப்பு பளிச்சென்று எரிந்தது.

"தங்கல. வண்டிய எடுங்க" என்றார் ஆபீசர். அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அண்ணன் அவள் கையை விட்டுவிட்டு விளக்கின் எதிரே குந்தி உட்கார்ந்தார். வலமும் இடமும் சாய்ந்து பார்த்தார். விரலால் தட்டினார். எழுந்தபோது வயசு கூடிவிட்ட மாதிரி இருந்தது. "ஒரு நாள் கூத்து. அடுத்த மழைக்குப் பாக்கலாம்" என்றார்.

"அடுத்த மழைக்கு நான் கடையில இருக்க மாட்டேண்ணா."

சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. நத்தை வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்தார். "நான் வீட்டுக்கு வந்து முறையா பேசணும்னுதான் இருந்தேன்..." என்று ஆரம்பித்தார். அண்ணன் கையை உயர்த்தி நிறுத்தினார். அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். குறை தேடுகிற பார்வை. தேடத் தேட அண்ணனுக்கே கண் மங்கியது. "நான் உனக்கு என்ன..." என்றார் தங்கையிடம்.

அவள் வாழ்நாள் முழுவதும் பயந்த அழுகை அதுதான். ஒரு நிமிஷம் அவள் கால் அண்ணன் பக்கம் நகர்ந்தது. நின்றுவிட்டது.

"அழுங்கண்ணா. நானும்தான் அழறேன். அழுது முடிச்சாலும் நான் சொன்னது அப்படியேதான் இருக்கும்."

இடுப்பில் செருகியிருந்த கடைச் சாவியை எடுத்து நீட்டினாள். அண்ணன் வாங்கவில்லை. "நீயே வச்சுக்க. நாளைக்குக் காலையில கடைய யாரு தொறக்கறது?"

அந்த ஒரு கேள்விக்குத்தான் அவள் இத்தனை வருஷம் எழுந்து எழுந்து கீழே இறங்கி வந்திருந்தாள். சாவியை அண்ணனின் சட்டைப் பைக்குள் போட்டாள். மாற்றிப் போட்டிருந்த பொத்தானையும் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். "நீங்கதாண்ணா தொறக்கணும்."

அண்ணன் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டு நின்றார். தூறல் அவர் தலையில் விழுந்துகொண்டே இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"காலையில ஏதாவது சாப்பிட்டியா?"

"இல்லண்ணா."

"இவளுக்கு எப்பவும் இதே வேலை" என்று யாரிடமோ சொல்கிற மாதிரி முணுமுணுத்தார். மைதானத்து வாசலில் இருந்த டீக்கடையை நோக்கி நடந்தார். பாதி வழியில் நின்றார். திரும்பவில்லை.

"அவரு சர்க்கரை போட்டுக் குடிப்பாரா?"

"தெரியாதுண்ணா" என்றாள் அவள். "கேட்டுச் சொல்றேன்."